ஓப்பன் ஆட்டத்துக்குப் போகிறவர்கள்: க்ரூசர்வெயிட் சாம்பியன்கள் ஏன் ஹெவிவெயிட்டுக்கு ஏறுகிறார்கள்?

கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டிக் கபடிப் போட்டி நடக்கும். நோட்டீஸில் 55 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவுகளைப் போட்டுவிட்டு, கடைசியில் கொட்டை எழுத்தில் ‘ஓப்பன்’ என்று ஒன்று போடுவார்கள். மத்தியானத்திலேயே எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பையன்கள் செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, காலையில் இருந்து தண்ணீர் குடிக்காத வாயோடு ஏறி நிற்பார்கள். அந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் ஊர்க்காரர்கள்தான் பார்ப்பார்கள். இருட்டி, பெரிய லைட்டைப் போட்டு, மைக்கில் பேசுகிறவர் குரலை ஏற்றி, பெண்களும் பிள்ளைகளும் பாயோடு வந்து உட்கார்வது ஓப்பன் ஆட்டத்துக்குத்தான். பெரிய பரிசும் அதற்குத்தான்.

தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் 65 கிலோவில் அசைக்க முடியாத ஆள். இரண்டு வருஷம் முன்னால் ஓப்பனுக்கு மாறிவிட்டான். “அங்கே 90 கிலோ ஆள் வந்து பிடிப்பானே, ஏண்டா போற?” என்று கேட்டேன். “நாலு பேர் பாக்குற ஆட்டம் அதுதானே அண்ணே” என்றான்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் க்ரூசர்வெயிட் பிரிவில் ஜெயித்த ஒவ்வொருவராக ஹெவிவெயிட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் பதில்தான் ஞாபகம் வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு வரலாற்றையும் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

க்ரூசர்வெயிட் என்றால் 200 பவுண்டுக்குள், அதாவது 90.7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஹெவிவெயிட். ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. 100 கிலோ ஆளும் அங்கேதான், 140 கிலோ ஆளும் அங்கேதான். குத்துச்சண்டையின் ஓப்பன் ஆட்டம் அது.

க்ரூசர்வெயிட் என்று ஒரு பிரிவே 1979 வரைக்கும் கிடையாது. 175 பவுண்டைத் தாண்டினால், அதாவது 79.4 கிலோவைத் தாண்டினால், நேரே ஹெவிவெயிட்தான். ராக்கி மார்சியானோ தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற ஹெவிவெயிட் சாம்பியன். அவர் எடை சுமார் 85 கிலோ. ஜோ லூயிஸ் தன் நல்ல காலத்தில் 90 கிலோவை ஒட்டியே நின்றார். இன்றைக்கு இருந்திருந்தால் இரண்டு பேருமே க்ரூசர்வெயிட்டில் சண்டை போடலாம். அறுபது, எழுபதுகளில் ஹெவிவெயிட்காரர்களின் உயரமும் எடையும் கூடிக்கொண்டே போனது. 85 கிலோ ஆளை 105 கிலோ ஆளோடு நிறுத்துவது நியாயமில்லை என்ற பேச்சு வந்தது. அதனால் உலகப் பட்டங்களைக் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. நடுவில் ஒரு தடுப்பு போட்டு இந்தப் பிரிவை உண்டாக்கியது. அன்றைக்கு வரம்பு 190 பவுண்டு, சுமார் 86 கிலோ. முதல் பட்டச் சண்டை 1979 டிசம்பரில், யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் நடந்தது. அமெரிக்காவின் மார்வின் கேமலும் உள்ளூர்க்காரரான மாதே பார்லோவும் மோதினார்கள். ட்ரா. பட்டம் யாருக்கும் இல்லை. 1980 மார்ச்சில் திரும்ப மோதி கேமல் ஜெயித்தார். வரம்பு 200 பவுண்டானது 2003 வாக்கில்தான்.

அதே 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கடலூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு என்று அப்பா சொல்வார். அலிக்கு எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். எல்லோரும் அலியைப் பார்க்கப் போனார்கள், சரி. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஆள் எல்லிஸ். அவர் மிடில்வெயிட்டில், அதாவது 72 கிலோ சுமாரில் தொடங்கியவர். உடம்பு ஏற ஏற அவரும் ஏறினார். ஹெவிவெயிட்டுக்குக் கீழே அன்று அவர் நிற்க ஒரு படி கிடையாது. 1968-ல் டபிள்யூ.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இரண்டு வருஷம் கழித்து ஜோ ஃபிரேசியரிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். தடுப்பு வருவதற்கு முன்னால் அந்த எடைக்காரர்கள் வாழ்ந்த வாழ்க்கை அதுதான்.

ஆக, க்ரூசர்வெயிட் ஒரு தனி வீடு கிடையாது. ஹெவிவெயிட் என்ற பழைய வீட்டின் திண்ணைப் பக்கம் சுவர் வைத்து எடுத்த அறை. அறையைப் பிரித்தார்கள், ஆனால் பெட்டிச் சாவி பெரிய வீட்டிலேயே இருந்துவிட்டது. பேரும் புகழும் காசும் சுவரைத் தாண்டி வரவில்லை. அந்த அறையில் இருப்பவர்கள் வெளியே போகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தாத்தா இருந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது.

காசு என்றால் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கலாம். 1986 ஜூலையில் இவாண்டர் ஹோலிஃபீல்ட் அட்லாண்டாவில் டுவைட் முகமது காவியோடு 15 ரவுண்ட் சண்டை போட்டு க்ரூசர்வெயிட் பட்டம் வாங்கினார். அந்தப் பிரிவின் ஆகச் சிறந்த சண்டைகளில் ஒன்று அது. ஒரே ராத்திரியில் 15 பவுண்டு, கிட்டத்தட்ட 7 கிலோ, உடம்பு நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார். 1988-ல் கார்லோஸ் டி லியோனை வென்று அந்தப் பிரிவின் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கினார். அதே வருஷம் ஹெவிவெயிட்டுக்கு ஏறினார். 1997-ல் மைக் டைசனோடு மோதிய இரண்டாவது சண்டைக்கு அவருக்குக் கிடைத்தது 3.5 கோடி டாலர். டைசன் காதைக் கடித்தாரே, அந்தச் சண்டைதான். க்ரூசர்வெயிட்டில் ஒருவர் வாழ்நாள் முழுக்க அடித்தாலும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்க முடியாது.

இதைவிட நெருக்கமாகக் காட்டுவது 2024 மே 18 ராத்திரி. சவுதியின் ரியாத். ஒலெக்சாண்டர் உசிக்கும் டைசன் ஃபியூரியும் ஹெவிவெயிட்டில் நான்கு அமைப்புகள் கொடுக்கிற நான்கு பெல்ட்டுக்கும் மோதினார்கள். அதே மேடையில், அதே ராத்திரியில், அதற்கு முன்னால் ஓர் உலகப் பட்டச் சண்டை நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஜெய் ஒபெட்டாயாவும் லாத்வியாவின் மைரிஸ் ப்ரியேடிஸும் ஐ.பி.எஃப். அமைப்பின் க்ரூசர்வெயிட் பட்டத்துக்காக மோதிய சண்டை அது. 2022-ல் இதே ப்ரியேடிஸோடு மோதியபோது ஒபெட்டாயாவின் தாடை இரண்டு பக்கமும் உடைந்தது. உடைந்த தாடையோடு நின்று ஜெயித்த மனிதர் அவர். அவ்வளவு பெரிய வீரனின் சண்டை, பெரிய சண்டை தொடங்கும் வரைக்கும் கூட்டத்தை உட்கார வைக்கிற சண்டையாகப் போனது. பெரிய சண்டையில் நின்ற உசிக் யார்? ஆறு வருஷம் முன்னால் வரை க்ரூசர்வெயிட் சாம்பியன். சின்ன அறையில் தங்கியவரும் கிளம்பிப் போனவரும் ஒரே ராத்திரி ஒரே ரிங்கில் ஏறினார்கள். யார் பெயர் போஸ்டரில் பெரிதாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

காசுக்காகப் போகிறார்கள் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலையில் அடி வாங்குகிற தொழில் இது. பதினைந்து வருஷம்கூட நிற்காது. அந்தக் காலத்துக்குள் பிள்ளைகளின் படிப்புக்கும், பின்னால் வரப்போகிற வைத்தியத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். அதைத் தேடிப் போகிறவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கணக்கு புதிதும் அல்ல. புதுச்சேரியில் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பெரியவர் வாயிலிருந்துதான் ஜார்ஜ் கார்ப்பாந்தியே என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன். பிரான்ஸ் நாட்டுக்காரர், லைட் ஹெவிவெயிட்டில், அதாவது 175 பவுண்டுப் பிரிவில், உலக சாம்பியன். 1921 ஜூலை 2-ம் தேதி அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், தன்னைவிட 7 கிலோ கூடுதலான ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு மோதினார். நாலாவது ரவுண்டில் விழுந்தார். ஆனால் டிக்கெட் வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் சண்டை அதுதான். சின்ன ஆள் பெரிய ஆளை எதிர்த்து ஏறுகிறான் என்றால் ஜனம் காசு கொடுத்துப் பார்க்கும். நூறு வருஷமாக இது மாறவில்லை.

இனி உடம்பு. க்ரூசர்வெயிட்டில் சண்டை போடுகிற ஆள் சாதாரண நாளில் 90 கிலோ இருக்க மாட்டார். 97, 98, சிலர் 100 கிலோ. சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அதற்குள் நாலைந்து கிலோவையாவது தண்ணீராக உடம்பிலிருந்து பிழிந்து எடுக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு பயிற்சிக் கூடத்துக்குக் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தம்பி ஒருவன் இருக்கிறான். அமெச்சூர் சண்டையில் அப்போது 92 கிலோப் பிரிவு. உயரம் ஆறடிக்கு மேல். போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது போனேன். சித்திரை வெயிலில், பனியன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, அதன் மேல் ரெயின்கோட் போட்டு ஓடிக்கொண்டிருந்தான். நின்றதும் ரெயின்கோட்டின் கை முனையைக் கீழே பிடித்தான். வியர்வை குழாய்த் தண்ணீர் மாதிரி சிமென்ட் தரையில் ஒழுகியது. அப்புறம் ஒரு பப்பிள்கம்மை வாயில் போட்டு மென்று மென்று பிளாஸ்டிக் பாட்டிலில் எச்சில் துப்பினான். பாட்டிலில் கால்வாசி சேர்ந்திருந்தது. மெஷினில் ஏறினான். 93.4. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. “பசிக்கலண்ணா, தாகம்தான்” என்றான். உதட்டோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

தொழில்முறைச் சண்டைக்காரர்களுக்கு எடை பார்த்த பிறகு ஒரு நாள் முழுசாக இருக்கும். தண்ணீரும் உப்பும் சோறும் சேர்த்துப் பழைய எடைக்கு வந்துவிடலாம். அமெச்சூரில் சண்டை நாள் காலையிலேயே எடை பார்த்துவிடுவார்கள். போட்டி நடக்கிற நாட்களில் திரும்பவும் ஏறி நிற்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகாட்டின் மல்யுத்தப் பதக்கம் 100 கிராமில் போனபோது நாடே அழுதது. எடை மெஷின் என்பது எவ்வளவு கொடூரமான எதிராளி என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. தொழில்முறையில் ஒரு நாள் அவகாசம் இருந்தாலும், வற்றிய உடம்பு ஒரே நாளில் முழுசாகத் தேறுவதில்லை. மூளையைச் சுற்றிய நீரும் சேர்ந்து குறைந்தால், விழுகிற குத்தின் ஆபத்து கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

இருபத்தைந்து வயதில் இதைத் தாங்கலாம். முப்பதை நெருங்கும்போது எலும்பு முற்றி, தோள் அகன்று, உடம்பு தானாகவே 100 கிலோவைக் கேட்கும். ஒவ்வொரு சண்டைக்கும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மற்ற பிரிவுகளில் மேலே போனால் இன்னொரு வரம்பு வந்து நிற்கும். க்ரூசர்வெயிட்டுக்கு மேலே போனால் வரம்பே இல்லை. தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போகலாம். இந்த நிம்மதியும் ஒரு காரணம் என்பதைக் காசு பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனின் டேவிட் ஹே, எடையைப் பிடிப்பது தன்னை வாட்டி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் 2007 நவம்பரில் பாரிஸை ஒட்டிய லெவல்வாவில், பிரான்ஸின் ஜான்-மார்க் மோர்மெக்கை அவர் ஊரிலேயே எதிர்த்து, நாலாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஏழாவதில் முடித்தார். அடுத்த மார்ச்சில் என்ஸோ மாக்கரினெல்லியை இரண்டே ரவுண்டில் முடித்தார். அத்தோடு அந்தப் பிரிவுக்கு ஒரு கும்பிடு. 2009-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஏழடி உயர நிகோலாய் வாலுயேவை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். இருவருக்கும் இடையில் எடை வித்தியாசம் சுமார் 45 கிலோ. மத்தியான வெயிலில் எடை மெஷின் ஏறும் நம் கபடிப் பையன் ஒருவனை ஹே தோளில் உட்காரவைத்தால்தான் கிட்டத்தட்டச் சமம் ஆகும்.

ஜெயிக்க இன்னும் யாரும் மிச்சமில்லை என்பதும் ஒரு காரணம். உசிக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோப் பிரிவில் தங்கம் வென்றவர். க்ரூசர்வெயிட்டில் 2018 ஜனவரியில் ப்ரியேடிஸை அவர் ஊரான ரீகாவிலும், ஜூலையில் முராத் காசியெவை மாஸ்கோவிலும் வென்று நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். எல்லாமே எதிராளியின் மண்ணில். அந்த ஒரு வருஷம் க்ரூசர்வெயிட் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காசியெவும் கியூபாவின் யூனியேல் டோர்டிகோஸும் மோதிய, வேர்ல்டு பாக்ஸிங் சூப்பர் சீரீஸ் தொடரின் அரையிறுதி கடைசி ரவுண்டு வரை போய், அந்த ரவுண்டில் டோர்டிகோஸ் மூன்று முறை விழுந்து முடிந்தது. ஹெவிவெயிட்டின் பலமும் சின்ன எடைக்காரர்களின் வேகமும் ஒரே உடம்பில் சேர்வது இந்தப் பிரிவில் மட்டும்தான். குத்துச்சண்டையில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் க்ரூசர்வெயிட்டைத்தான் சொல்வேன். இவ்வளவு நல்ல ஆட்டத்துக்கு இவ்வளவு குறைந்த கூட்டம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஏறியவர்கள் எல்லோரும் நிலைத்தார்களா என்றால், இல்லை. ஸ்டீவ் கன்னிங்ஹாம் க்ரூசர்வெயிட்டில் இரண்டு முறை சாம்பியன். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் டைசன் ஃபியூரியை இரண்டாவது ரவுண்டிலேயே கீழே சாய்த்தார். ஆனால் அவர் 95 கிலோ, ஃபியூரி 115. ஃபியூரி எழுந்து, கட்டிப்பிடித்து, மேலே சாய்ந்து சாய்ந்து அவர் காலை ஓயவைத்து, ஏழாவது ரவுண்டில் முடித்தார். போலந்தின் தோமாஷ் அடமெக் 2011-ல் தன் நாட்டிலேயே விட்டாலி கிளிச்கோவிடம் பத்தாவது ரவுண்டில் தோற்றார். ஹே அதே வருஷம் தம்பிக் கிளிச்கோவிடம் தோற்றார். ஜேம்ஸ் டோனி 2005-ல் ஜான் ரூயிஸை வென்றார். அப்புறம் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி, அந்த வெற்றியே ரத்தானது. டோனி பெல்லியூவின் கதை தலைகீழ். அவர் மேலே போய் ஹேயை இரண்டு முறை வென்றுவிட்டு, உசிக்கோடு மோதத் திரும்பக் கீழே இறங்கி வந்தார். எட்டாவது ரவுண்டில் விழுந்து, அத்தோடு ஓய்வு.

பெரிய ஆளோடு மோதினால் குத்துதான் பயம் என்று வெளியிலிருந்து தோன்றும். அந்தத் தம்பியிடம் கேட்டேன். ஒருமுறை கூடத்துக்கு வந்த 115 கிலோ ஆளோடு அவனைப் பயிற்சிக்கு நிறுத்தியிருக்கிறார் மாஸ்டர். “குத்து ஒண்ணும் பெரிசாத் தெரியலண்ணா. பக்கத்துல போனா மேல சாஞ்சுட்டான். பின்கழுத்துல கையப் போட்டு அமுக்கினான். மூணாவது ரவுண்டுல தொடை நடுங்கிப் போச்சு” என்றான். நெல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ரவுண்ட் ஆடுவது மாதிரி. கன்னிங்ஹாமுக்கு நியூயார்க்கில் நடந்தது இதுவேதான்.

அப்படியானால் ஹோலிஃபீல்டும் உசிக்கும் எப்படி நின்றார்கள்? இரண்டு பேரும் அவசரப்படவில்லை. ஹோலிஃபீல்ட், எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வாங்கிய பாடிபில்டர் லீ ஹேனியை வைத்துத் திட்டம் போட்டு உடம்பை ஏற்றினார். 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தியபோது அவர் 94 கிலோ, டக்ளஸ் 112. உசிக்கின் கணக்கைப் பார்த்தால் இன்னும் அழகு. 2019-ல் முதல் ஹெவிவெயிட் சண்டையில் 97.5 கிலோ. 2021-ல் லண்டனில் ஆன்டனி ஜோஷுவாவை வென்றபோது 100.4. ஃபியூரியோடு முதல் சண்டையில் 101.4, இரண்டாவதில் 102.5. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தியபோது 103. ஆறு வருஷத்தில் ஆறு கிலோவுக்கும் குறைவு. இரண்டாவது சண்டையில் ஃபியூரி 127 கிலோவுக்கு மேல். அவரை எட்டிப் பிடிக்க உசிக் முயலவே இல்லை. தன் கால் எவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு ரவுண்டும் நகருமோ அவ்வளவு மட்டும் ஏற்றினார். பெரிய ஆள் சாய்வதற்கு முன்னால் அவர் வேறு இடத்தில் இருப்பார்.

இடைவெளி பெரிது என்று டபிள்யூ.பி.சி.க்கும் தெரிந்துதான் 2020-ல் 224 பவுண்டு, அதாவது 101.6 கிலோ வரம்போடு ‘பிரிட்ஜர்வெயிட்’ என்று இன்னொரு பிரிவை வைத்தது. அமெரிக்காவில் நாயிடமிருந்து தங்கையைக் காப்பாற்றிய பிரிட்ஜர் வாக்கர் என்ற சிறுவனின் பெயர் அது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது சூடு பிடிக்கவில்லை. லாரன்ஸ் ஒகோலி 2024-ல் அந்தப் பட்டத்தை முதல் ரவுண்டிலேயே ஜெயித்தார், உடனே ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டார். இன்னொரு சுவர் வைத்தால் இன்னொரு சின்ன அறைதான் கிடைக்கும். சாவி இருக்கிற இடம் மாறாது.

கடலூர்த் தம்பியை இந்த வருஷம் வரம்பே இல்லாத மேல் பிரிவில் போடுவதாக மாஸ்டர் முடிவு பண்ணிவிட்டார். போன வாரம் போயிருந்தேன். உதட்டில் அந்த வெள்ளை இல்லை. மத்தியானம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். மெஷினில் ஏறச் சொன்னார். 96. “சரி, இறங்கு” என்று ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் கொடுத்தார். மூன்று நிமிஷம். மாஸ்டர் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, தரையில் அவன் கால் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது நிமிஷம் தாண்டியதும் ‘தொப், தொப்’ என்று கேட்கத் தொடங்கியது.

“நிறுத்துடா. இன்னும் ரெண்டு மாசம் இதே 96-ல இரு. சத்தம் போகட்டும், அப்புறம் ஏத்தலாம்” என்றார்.